நாரணாபுரத்துத் தறியும் என் வயிற்றெரிச்சலும்

சிவகாசிக்குப் போக வேண்டியவள் சாத்தூரில் போய் இறங்கினேன். விருதுநகர் பேருந்து நிலையத்தில் இரண்டு வண்டிகள் ஒட்டி நின்றன. இரண்டு நடத்துநர்களும் ஒரே மூச்சில் கத்தினார்கள். ஜன்னலோரம் காலியாகத் தெரிந்த வண்டியில் நான் ஏறிவிட்டேன். சிங்கப்பூரில் பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறினால் போதும். இங்கே காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

"சிவகாசிக்கு இதுல எதுக்குக்கா ஏறுனீக?" என்று பாதி வழியில் நடத்துநர் தலையில் கைவைத்தார். பிறகு அவரே சமாதானமும் சொன்னார். "சரி விடுங்க, சாத்தூர்ல எறங்கி மாறிக்கிடுங்க. வந்ததுதான் வந்தீக, சேவு வாங்கிட்டுப் போங்க."

வாங்கினேன். பூண்டு மணக்கும் காரச்சேவு, காகிதம் வழியாகக் கைக்குச் சூடு தெரிந்தது. அடுத்த பேருந்தில் அதைக் கொறித்துக்கொண்டே, பெட்டியை முழங்காலால் இடுக்கிப் பிடித்தபடி சிவகாசி போய்ச் சேர்ந்தேன்.

மகனுடைய கல்யாணப் பத்திரிகையைச் சிவகாசியில்தான் அடிக்க வேண்டும் என்பது என் கணவரின் பிடிவாதம். அவருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் நாரணாபுரம். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க யாராவது நேரில் போனால் நல்லது என்று முடிவாகி, லீவு கிடைத்த நான் கிளம்பினேன். நான்கு நாள், நாரணாபுரத்திலேயே இருக்கும் அவருடைய சித்தப்பா மகள் முத்துலட்சுமி வீட்டில் தங்கல். "அவளும் ஏதோ தறி போட்டிருக்காளாம். கால்மிதி மாதிரி ஏதோ நெய்யுறாளாம். உனக்குப் பேச்சுத்துணை" என்று சொல்லி அனுப்பினார்.

பேச்சுத்துணை என்றதும் எனக்குள் ஒரு பெரிய மனுஷி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வருடமாக நானும் தரைவிரிப்பு நெய்கிறேன். எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டின் கூடத்தில் பாதியை என் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டுச் சீனக் கிழவர் சத்தம் தாங்காமல் இரண்டு முறை மேலேறி வந்திருக்கிறார். வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். எங்கள் நெசவுக் குழு வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கும், அதில் என் விரிப்பும் சுவரில் தொங்கும். கைப்பேசியில் அவற்றின் படங்கள் நிறைய இருந்தன. கால்மிதி நெய்கிறவளுக்குக் காட்டலாம், நாலு நுணுக்கம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

முத்துலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நிறுத்தத்துக்கே வந்து நின்றாள். "எம்புட்டு நேரமா நிக்கேன் மதினி! எங்க போயிட்டு வாரீக?" என்று பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத்தழும்பு, உருகி உறைந்த மெழுகு போல. அவள் கணவர் கருப்பசாமி வேன் ஓட்டுகிறவர். காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், விடுதி வாசம்.

அன்று ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா. கருப்பசாமி விருதுநகரிலிருந்தே வாங்கி வந்திருந்தார். எண்ணெயில் முங்கி முறுகலாக வெந்ததைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். சிங்கப்பூர்ப் பரோட்டா அதன் முன்னால் பத்தியச் சாப்பாடு. அத்தனை சந்தோஷமாக அந்த வீட்டில் நான் தூங்கப் போனது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை அச்சகம். எனக்கு முன்னால் வடக்கத்தி வியாபாரி ஒருவர் பட்டாசுப் பெட்டிக்கான அட்டைப்படத்தை வைத்துக்கொண்டு இந்தியில் ஆத்திரமாகப் பேசிக்கொண்டிருந்தார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினி முன்னால் இருந்த பெண்ணிடம் தமிழில் சொன்னார்: "மத்தாப்புப் பிடிச்சிருக்க பிள்ளை பயந்தாப்புல இருக்காம். சிரிக்க வைக்கணுமாம்." அந்தப் பெண் இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளை சிரித்தது. வியாபாரியும் சிரித்தார். என் பத்திரிகையில் மணமகன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பினேன்.

"வாங்க மதினி, நம்ம தறியப் பாருங்க" என்று முத்துலட்சுமி பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். தகரக்கூரை போட்ட கொட்டகை. நடுவில், காலால் அழுத்தும் மிதிப்பலகையோடு ஒரு பழைய மரத்தறி. அருப்புக்கோட்டையில் சேலை நெய்வதை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கியதாம். அகலமான விரிப்பு நெய்கிற மாதிரி ஆசாரியை வைத்து மாற்றியிருந்தாள்.

தறியில் பாதி நெய்த விரிப்பு இருந்தது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு, முறுக்கேறிய வெள்ளைப் பருத்தி நூல். குறுக்கே ஓடும் ஊடைக்குப் பதிலாகத் துணிநாடா. சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகளில் மிஞ்சும் துணியை வாங்கி, மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, நீலத்திலும் செங்கல் நிறத்திலும் சாயம் தோய்த்திருந்தாள். கொடைக்கானலில் ஓர் ஓட்டலுக்கு எட்டு விரிப்பு ஆர்டர். இது எட்டாவது. நாளை மறுநாள் காலை வண்டி வந்து எடுத்துப் போகும்.

நான் முதலில் பார்த்தது கரையைத்தான். விரிப்பு நெய்கிற யாரும் அங்கேதான் முதலில் பார்ப்போம். ஊடை போகும்போது ஒரு மயிரிழை அதிகம் இழுத்துவிட்டாலும் ஓரத்துப் பாவுநூல் உள்ளே நகரும். நெய்ய நெய்ய அகலம் குறையும். என் விரிப்புகள் எல்லாமே நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். இரு பக்கமும் பல் வைத்த ஒரு கட்டையைக் குறுக்கே மாட்டிக் கரையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் நெய்வேன். அப்படியும் ஒடுங்கும். "அதுவே உங்கள் பாணி" என்று ஆசிரியை ஒருமுறை சொன்னார். இரக்கத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

முத்துலட்சுமியின் கரை நூல் பிடித்துக் கோடு போட்டது மாதிரி இறங்கியிருந்தது. பல்கட்டை கிடையாது. அளவுகோல்கூடப் பக்கத்தில் இல்லை.

"கட்டை மாட்டலையா?" என்று கேட்டேன்.

"என்ன கட்டை?"

அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பலகையில் உட்கார்ந்து அவள் நெய்து காட்டினாள். மிதியை அழுத்தியதும் பாவு இரண்டாகப் பிரிந்தது. இடைவெளியில் துணிநாடாவை ஓடவிட்டாள். நேராக இழுக்கவில்லை, வானவில் மாதிரி வளைவாகக் கிடத்தினாள். அந்த வளைவை ஆள்காட்டி விரலால் நாலு இடத்தில் தொட்டு நாலு சின்ன மேடாக்கினாள். பிறகுதான் சீப்பு மாதிரி இருக்கும் அச்சுச்சட்டத்தை இழுத்து அடித்தாள். மேடெல்லாம் இறங்கிப் படிந்தன, கரை அசையவில்லை. ஓரத்தில் திரும்பும்போது நாடாவுக்கு அரை முறுக்கு. கால் மாற்றி, பிரிவை மூடி, இன்னொரு அடி. தக், தக். எல்லா அடிக்கும் ஒரே சத்தம்.

இந்த வளைவையும் மேட்டையும் நான் வகுப்பில் படித்திருக்கிறேன், குறிப்பேட்டில் படமே வரைந்து வைத்திருக்கிறேன். எவ்வளவு வளைவு என்பதுதான் எனக்குக் கைவராத கணக்கு.

"இதை யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"தறி கொடுத்தவரு ஒரு மாசம் வந்து சொல்லித்தந்தாரு. ஆனா கை முன்னமே பளகிருச்சு மதினி. பதினேளு வருசம் சரம் பின்னுனவ நான். சரவெடி இருக்குல்லா, ஒவ்வொரு வெடிக்கும் திரி இருக்கும், அதைச் சணல்ல கோத்துப் பின்னணும். இளுத்தா திரி ஒடிஞ்சிரும். தளர விட்டா வெடி தொங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிடி இருக்கு. அம்புட்டுத்தான். அதே பிடிதான் இது."

கம்பெனிக்கு லைசென்ஸ் பிரச்சினை வந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, வேறு வழியில்லாமல் தறியைத் தேடிப் போனாளாம். கையில் இருந்த தழும்பு அதற்கும் முந்தையது. பட்டாசு கம்பெனியில் பக்கத்துக் கொட்டகையில் பிடித்த தீ.

எந்த விலை கொடுத்து அந்தப் பிடி அவளுக்கு வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் என் ஒன்பது வருடத்தையும் அவளுடைய ஒரு மாதத்தையும்தான்.

கைப்பேசியை எடுத்து என் விரிப்புகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "கலர் நல்லாருக்கு மதினி" என்றாள். கொஞ்சம் தயங்கி, "நடுவுல எதுக்கு ஒடுக்கியிருக்கீக? டிசைனா?" என்று கேட்டாள்.

"ஆமாம், டிசைன்" என்றேன்.

மூன்றாம் நாள் அச்சங்குளத்தில் ஒரு காதுகுத்து. இருவரும் வேனில் கிளம்பினார்கள். கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். அது பொய். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் கொட்டகைக்குப் போனேன்.

எனக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. தறி நல்ல தறி, பாவு நல்ல இழுவையில் இருக்கிறது, இதில் உட்கார்ந்தால் எனக்கும் கரை நேராக வரும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்தவள் தறியில், அதுவும் ஆர்டருக்கு ஏறியிருக்கும் விரிப்பில், கேட்காமல் கை வைப்பது எவ்வளவு தப்பு என்று தறி வைத்திருக்கிற எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

நீல நாடா பாதியில் நின்றிருந்தது. அதிலிருந்தே தொடர்ந்தேன். வளைத்தேன், மேடாக்கினேன், அடித்தேன். நாலு விரற்கடை நீளம் நெய்தபின் எழுந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் உள்ளே போயிருந்தது. அவளுடைய நேர்கோட்டின் முடிவில் என் இடுப்பு.

பிரித்துவிடலாம் என்று ஒரு நாடாவில் கை வைத்தபோது வாசலில் வேன் சத்தம். மொய் எழுதி, சாப்பாடு கட்டி வாங்கிக்கொண்டு எனக்காகச் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். நான் உள்ளே ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன்.

"தலைவலி தேவலையா மதினி?" என்று கேட்டுவிட்டு அவள் நேரே தறிக்குப் போனாள். தக், தக் என்று ஏழெட்டு அடி கேட்டது. பிறகு நின்றது.

நான் எழுந்து கதவோரம் போய்ப் பார்த்தேன். அவள் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்கிய இடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினாள். தையல் நாடாவை எடுத்து அளந்தாள். பிறகு இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து விரித்து மூடிப் பார்த்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். காதுகுத்து வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பு, வெள்ளைச் சோறு. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இன்னைக்கிக் காலையில அவசரத்துல நெய்ஞ்சேன், எதுவரைக்கும் நெய்ஞ்சேன்னுகூட நெனவில்ல" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னாள். "கை இளுத்து, கரை உள்ள வாங்கிருச்சுங்க. தளும்பு வயசாக வயசாக இறுகும்னு அன்னைக்கே டாக்டர் சொன்னாருல்லா? ஆரம்பிச்சிருச்சு போல."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சாப்பாடு எனக்கு ருசித்தது. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் கிடந்த கல் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்கும் கரை ஒடுங்கும். கெடுத்தது நானே என்றாலும், நாங்கள் இருவரும் இப்போது ஒரே தட்டில் நின்றோம்.

கருப்பசாமி ஏதோ ஆறுதல் சொன்னார். அவள் கேட்கவில்லை. "இந்த லோடோட போதும். அடுத்த ஆர்டர் வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிருங்க. அவுக நம்பி இருக்கும்போது கோணலா அனுப்பக் கூடாது. நான் திங்கக்கிளமையில இருந்து உங்க வேன்லயே வாரேன். சரம் பின்ன இந்தக் கை போதும்."

"மறுபடி அந்தப் பட்டாசுக் கொட்டகைக்கா?" என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கினார்.

அவர் எண்ணை அழுத்துமுன் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அது நான் நெய்தது" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க காதுகுத்துக்குப் போயிருந்தப்ப நான் தறியில உட்கார்ந்தேன். கடைசி நாலு விரற்கடை என்னோடது. உன் கைக்கு ஒண்ணும் ஆகல."

கருப்பசாமி தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முத்துலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீங்க கதவுகிட்ட நின்னீக. கண்டேன்."

"ஆமாம்."

"அப்பமும் சொல்லலையே மதினி. ஏன்?"

"சந்தோஷமா இருந்துச்சு" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என் முன்னால் இருந்த தட்டை, பாதிச் சோற்றோடு, எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "எந்திரிங்க. நீங்க நெய்ஞ்சத நீங்களே பிரிங்க" என்றாள்.

பிரித்தேன். நெய்வதைவிடப் பிரிப்பது கஷ்டம். அடித்து இறுகிய துணிநாடாவைப் பாவுநூல் அறாமல் வரிவரியாக உருவ வேண்டும். தகரக்கூரை சூட்டில் வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் மூலையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருந்தாள். சர், சர் என்று கிழிபடும் ஓசை மட்டும். நடுவில் ஒரு செம்புத் தண்ணீர் என் பக்கத்தில் வைத்தாள்.

கடைசி வரி வந்ததும் நான் எழுந்தேன்.

"ஒக்காருங்க. நெய்ங்க" என்றாள்.

"நானா?"

"பின்னே? டிசைன்னு சொன்னீகளே, அது எங்கன இருந்து வருதுன்னு பாப்போம்."

பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நாடாவை ஓடவிட்டதுமே, "பாத்தீகளா, ஓரத்துக்கு வந்ததும் விரலு இறுக்கிப் பிடிக்குது. பயம். கரை போயிருமோன்னு பயந்து இளுக்கீக. இளுத்தாத்தான் போகும்" என்றாள். என் மணிக்கட்டைத் தட்டித் தளர்த்தினாள். மறுபடி. மறுபடி. நாலு விரற்கடையும் அவள் பார்வையில் நெய்து முடித்தேன். தையல் நாடாவை வைத்து அளந்தாள். "சரியா இருக்கு" என்றாள்.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் கரை ஒடுங்கவில்லை. கண் கலங்கிவிட்டது. கைப்பேசியில் படம் எடுத்து உடனே கணவருக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவளே கம்பங்கூழ் கரைத்து, வறுத்த மோர்மிளகாயோடு கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் பொறாமை இல்லாமல் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

நான்காம் நாள் விடியும்போதே தறிச் சத்தம் கேட்டு விழித்தேன். வண்டி எட்டு மணிக்கு. முடிக்கிறாள் போல என்று நினைத்துப் போனேன்.

காலடியில் கூடை இருந்தது. அதில் நீல நாடாக்கள், மடிப்பும் நெளிவுமாக, உருவி எடுத்த நாடாக்கள். எனக்கு அடையாளம் தெரிந்தது. நேற்று நான் நெய்த நாலு விரற்கடையையும் அவள் பிரித்துவிட்டாள். அந்த இடத்தைத் தானே மறுபடி நெய்து, தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் மறைக்கவில்லை. "அளவு சரிதான் மதினி. ஆனா அடி ஒருபோல விளல. சில வரி மெத்துன்னு, சில வரி கெட்டியா. பாத்தா தெரியாது. காலுக்குத் தெரியும். அங்கன குளிருல ஆரோ வெறுங்காலோட எந்திரிச்சு நடப்பாக. அந்த இடத்துல மட்டும் கால் தடுக்குனாப்புல இருக்கும்." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "கோவிச்சுக்கிடாதீக. இது ஆர்டர்ல்லா."

கோபம் வரவில்லை. பழைய எரிச்சல்தான், இன்னும் பெரியதாக வந்தது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால், விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று அந்த நாலு விரற்கடையை அப்படியே அனுப்பியிருப்பேன். அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்திருப்பேன். என் விரிப்பின்மேல் ஒருவர் வெறுங்காலோடு நடப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்து நெய்ததில்லை. நான் நெய்தது சுவருக்கு.

எட்டு விரிப்பையும் சுருட்டி வண்டியில் ஏற்றினோம். கடைசிச் சுருளின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். அது நல்ல கனம்.

பத்திரிகைக் கட்டை அச்சகத்தில் வாங்கிக்கொண்டு, சாத்தூர் ரயில் நிலையத்துக்குக் கருப்பசாமியின் வேனிலேயே போனேன். மத்தியான வேலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே. பக்கத்தில் இருந்தவளின் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி மினுங்கியது. "வெளியூரா? ஆரு வீட்டுக்கு வந்தீக?" என்று கேட்டாள்.

"முத்துலட்சுமி வீட்டுக்கு. ஜமுக்காளம் நெய்யுதாள்லா?" என்றேன். அவள் பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவளா! எங்க கூடச் சரம் பின்னுனவதான். ஒங்களுக்கும் நெய்யத் தெரியுமோ?"

வேனில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒன்பது வருடமும் வகுப்புகளும் கண்காட்சியும் நாக்கு நுனிவரை வந்தன.

"தெரியும். அவ அளவுக்குத் தெரியாது" என்றேன்.

வாய் கசந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, எனக்குச் சாய்ந்து உட்கார இடம் கொடுத்துத் தள்ளி உட்கார்ந்தாள்.